கோடையில் சுருள்முடி: அதன் இயல்பும் பேணும் முறையும்

கோடைக்காலத்தில் நம் நாட்டுப் பள்ளி விடுதிகளைப் பார்வையிடுவோர் ஒரு காட்சியைக் காண்பது உண்டு. காலையில் ஒரே வகையாக எண்ணெய் தடவி இரட்டைப் பின்னலிட்டு நின்ற மாணவியருள், நண்பகலுக்குள் ஒரு சிலருடைய முடி மட்டும் பின்னலை மீறி எழுந்து பரந்து நிற்கும். "வாராத தலை" என்று அவர்கள் கண்டிக்கப்படுவதுண்டு. சில இடங்களில் அவர்களுடைய முடி ஒட்ட வெட்டப்படுவதும் உண்டு. இவர்கள் பெரும்பாலும் சுருள்முடி உடையவர்கள். காற்றின் வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் ஏற்ப அவர்களுடைய முடி வடிவம் மாறியதே இங்கு நிகழ்ந்தது. இதில் அவர்கள் பிழை யாதொன்றும் இல்லை. சுருள்முடியின் இயல்பை ஆசிரியரும் களப்பணியாளரும் அறிந்திருந்தால், அக்குழந்தைகளுக்கு வீண் பழியும் தலைக்குத் தீங்கும் நேராமல் காக்கலாம்.

சுருளின் காரணம்

தோலுக்கு மேலே காணப்படும் முடி உயிரற்ற பொருள். தோலின் உள்ளே உள்ள மயிர்க்காலில் மட்டுமே உயிரணுக்கள் பெருகி, கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, இறுகி, இழையாக வெளிவருகின்றன. மாதம் ஒன்றுக்கு முடி ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. மயிர்க்கால் நேராக அமைந்திருப்பின் முடியும் நேராக வளரும். அது வளைந்திருப்பின் இழையின் ஒரு புறமும் மறுபுறமும் ஒரே சீராக இறுகுவதில்லை. ஆதலால் முடி சுருண்டு வெளிப்படுகிறது. சுருள்முடியின் குறுக்குவெட்டும் பெரும்பாலும் வட்டமாக இராமல் நீள்வட்டமாக இருக்கும்.

இவ்வமைப்புப் பிறப்பிலேயே வருவது. பல மரபணுக்கள் சேர்ந்து இதனை நிருணயிக்கின்றன. ஒரே வீட்டில் ஒரு குழந்தைக்கு நேர்முடியும் மற்றொரு குழந்தைக்குச் சுருள்முடியும் அமைவது இயற்கையே. முடியின் வடிவைக் கொண்டு மக்களை இனம் பிரித்து உயர்வு தாழ்வு கற்பித்த பழைய கொள்கைகளுக்கு இன்றைய விஞ்ஞானத்தில் இடமில்லை.

கெரட்டின் மூலக்கூறுகளை இருவகைப் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டி வைத்துள்ளன. கந்தக அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பு வலிமை மிக்கது; நீரால் அது அறுவதில்லை. ஹைட்ரஜன் பிணைப்பு வலிமை குறைந்தது. நீர் பட்டவுடன் விட்டுப்போய், முடி உலரும்போது மீண்டும் அமையும். 1930-களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆஸ்ட்பரி என்னும் விஞ்ஞானி கம்பளி இழைகளையும் மயிரிழைகளையும் எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். ஈர இழையை நீட்டும்போது அதன் மூலக்கூறு அமைப்பே மாறுவதைக் கண்டார். 1951-ஆம் ஆண்டில் பாலிங்கும் அவருடைய துணைவர்களும் கெரட்டினில் உள்ள திருகுசுருள் வடிவை விளக்கினர்.

ஈரத்தை அளக்கும் இழை

1783-ஆம் ஆண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த டி சொசூர் என்பவர் மனித முடியைக் கொண்டே காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியொன்றை விளக்கினார். முற்றிலும் உலர்ந்த காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்கு மாற்றும்போது முடியின் நீளம் ஏறக்குறைய 2 சதவிகிதம் கூடுகிறது. பருமன் அதனினும் பன்மடங்கு கூடுகிறது. இத்தத்துவத்தில் அமைந்த பதிவுக் கருவிகள் நம் நாட்டு வானிலை நிலையங்களிலும் நெடுங்காலம் பணியாற்றின.

இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். 25 செ.மீ. நீளமுள்ள ஒரு முடியைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய் நீக்குக. அதன் ஒரு முனையைப் பலகையின் மேற்பகுதியில் ஆணியில் கட்டுக. ஒரு துடைப்பக்குச்சியை ஊசியில் கோத்துக் கீழே பொருத்தி, ஊசியிலிருந்து 1 செ.மீ. தொலைவில் முடியின் மறுமுனையைக் குச்சியில் கட்டுக. அதே பக்கத்தில் குச்சி 10 செ.மீ. நீண்டிருக்கட்டும். முடி தொய்யாதபடி சிறிது களிமண்ணை எடையாக ஒட்டுக. அருகில் ஈரத்துணியைத் தொங்கவிட்டு மூடினால் குச்சியின் நுனி மெல்ல இறங்கும். உலர்ந்த வெயிலில் மீண்டும் ஏறும். ஒரு முடி இவ்வாறு அசையுமாயின், தலையில் உள்ள ஏறக்குறைய ஓர் இலட்சம் முடிகளும் வானிலைக்கு ஏற்ப வடிவம் மாறுவதில் வியப்பில்லை என்பதை மாணவர் உணர்வர்.

இருவகைக் கோடை

நம் நாட்டுக் கோடை எங்கும் ஒன்றுபோல் இல்லை. இராஜஸ்தானத்திலும் விதர்ப்பத்திலும் வடஇந்தியச் சமவெளியிலும் 'லூ' என்னும் அனற்காற்று வீசும் பிற்பகல்களில் ஒப்பு ஈரப்பதம் 20 சதவிகிதத்திற்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கு முடி ஈரத்தை இழந்து முறுகுகிறது. சீப்பு உரசுவதால் எழும் மின்னேற்றம் உலர்ந்த காற்றில் கசிந்து போவதில்லை; ஆதலின் முடிகள் ஒன்றையொன்று விலக்கிப் பறக்கின்றன.

கொல்கத்தா, மும்பை, கொச்சி, சென்னை போன்ற கடலோர நகரங்களில் நிலைமை வேறு. அங்கு காற்றிலுள்ள ஈரம் முடிக்குள் புகுந்து ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கலைக்கிறது. காலையில் வாரி அமைத்த வடிவம் நெகிழ்ந்து, ஒவ்வோர் இழையும் தன் பிறவிச் சுருளை நாடித் தனித்தனியே திரும்புகிறது. தலைமுடி உப்பி எழுவதன் காரணம் இதுவே.

இரண்டு இடங்களுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. தோலில் கசியும் நெய்ப்பொருள் நேர்முடியில் எளிதாக நுனிவரை பரவுகிறது. சுருள்முடியிலோ ஒவ்வொரு வளைவிலும் தடைப்பட்டு அடிப்பகுதியிலேயே தங்குகிறது. ஆகவே தலை பிசுபிசுக்க, நுனி வறண்டு கிடக்கும். சீப்பால் இழுக்கும்போது விசை முழுவதும் வளைவுகளில் குவிந்து அங்கு முடி முறிகிறது.

பேணும் முறை

கோடையில் வியர்வையும் புழுதியும் மிகுதி. எனினும் நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவுவது தகாது. சோப்பு காரத்தன்மை உடையது. முடியின் மேலுள்ள ஓட்டுக்கூரை போன்ற செதில்களை எழச் செய்கிறது. கடின நீரில் சுண்ணச் சத்துடன் கூடி வெண்படிவமாகவும் ஒட்டிக்கொள்கிறது. வாரத்தில் ஓரிரு முறை சிகைக்காய், பூந்திக்கொட்டை ஆகியவற்றின் வடிகட்டிய சாற்றாலோ, மென்மையான ஷாம்புவாலோ கழுவுவது போதும். மற்ற நாட்களில் வெறும் நீரால் அலசலாம். சிகைக்காய்த் தூளை வடிகட்டாமல் தேய்த்தால் அதன் துகள்கள் சுருளில் சிக்கும்.

எண்ணெயைக் குளிப்பதற்கு முன்பே தடவுவது நன்று. 2003-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் ரெலே, மொகிலே என்னும் மும்பை ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. இவ்வெண்ணெயின் சிறிய, நேரான கொழுப்பு அமிலங்கள் முடியின் உள்ளே புக வல்லவை. பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலைத்தோலில் தேய்க்காமல் முடியின் நீளத்தில் மட்டும் தடவ வேண்டும். பொடுகோடு தொடர்புடைய நுண்ணுயிர் கொழுப்பை உண்டே பெருகுகிறது.

சிக்கெடுக்கும் வேலையை முடி ஈரமாக, வழுக்கும் தன்மையோடு இருக்கும்போதே முடித்தல் வேண்டும். அகன்ற பற்களையுடைய சீப்பாலோ விரல்களாலோ நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே செல்க. நனைந்த முடி எளிதில் நீண்டு அறும், இழுத்தல் கூடாது. உலர்ந்தபின் சுருள்முடியை வாருவதே அது பஞ்சுபோல் உப்புவதற்கு முதற்காரணம்.

துவட்டும்போது முரட்டுத் துண்டால் தேய்க்காமல் பழைய மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பின்னர்க் கீழிருந்து மேலாகக் கைப்பிடியில் மெல்லப் பிசைந்து விட்டால் சுருள்கள் கூட்டமாகச் சேரும். அவை உலரும்வரை தொடாதிருப்பின் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவ்வடிவிலேயே அமையும். இவ்வமைப்பை நிலைநிறுத்தச் செம்பருத்தி இலைச் சாறோ, ஊறிய வெந்தயத்தின் கூழோ உதவும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், விதர்ப்பம் ஆகிய பகுதிகளில் விளையும் ஆளிவிதையும் ஏற்றது. ஒரு பங்கு விதையை எட்டுப் பங்கு நீரில் கொதிக்கவிட்டு, முட்டை வெண்கரு போல் ஆனதும் சூட்டோடு வடித்து, ஆறியபின் ஈரமுடியில் சிறிதளவு தடவலாம். இது விரைவில் கெடும். அன்றன்று செய்வதே நன்று.

வெயிலிற் செல்லும்போது பருத்தித் துணியால் தலையை மூடுதல் வேண்டும். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் கந்தகப் பிணைப்புகளையும் சிதைத்து, முடியின் நிறத்தையும் வெளிறச் செய்கின்றன.

தவிர்க்க வேண்டியவை

முடியை நன்கு உலர்த்தித் தளர்வாகப் பின்னுதல் வேண்டும். நெற்றியோரம் வலிக்கும்படி நாள்தோறும் இறுக்கிப் பின்னினால் அங்குள்ள மயிர்க்கால்கள் நலிந்து முடி உதிரும். நெடுநாள் நீடித்தால் மீண்டும் முளைக்காமலும் போகலாம். பள்ளி விதி தூய்மையையும் முடி கட்டப்பட்டிருத்தலையும் கேட்கலாம். எல்லாத் தலையும் படிந்திருக்க வேண்டும் என்று கேட்பது பொருந்தாது.

முடியை நேராக்கும் பூச்சுகளை நாடும் வழக்கம் இப்போது சிற்றூர்களிலும் பரவியுள்ளது. இவற்றுள் சில சோடியம் ஹைடிராக்சைடு கொண்டவை. தோலைப் புண்ணாக்க வல்லவை. வேறு சில, சூடேற்றும்போது பார்மால்டிஹைடு ஆவியை வெளிவிடுகின்றன. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை 2004-ஆம் ஆண்டில் பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. கிளையாக்சிலிக் அமிலம் கலந்த பூச்சுகளைப் பயன்படுத்தியோருக்குச் சிறுநீரகப் பாதிப்பு நேர்ந்ததாகவும் மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்துள்ளன. நேராக்கிய முடி வளர வளர அடியில் மீண்டும் சுருளே தோன்றும். மயிர்க்காலின் வடிவை எந்தப் பூச்சும் மாற்றுவதில்லை.

கவனிக்க வேண்டிய ஓர் அடையாளம்

களப்பணியாளர் அறியவேண்டியது இன்னும் ஒன்றுண்டு. வெயிலால் வெளிறிய முடி நுனியில் செம்பட்டையாகவும் அடியில் கருமையாகவும் இருக்கும். இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் புதிதாக வளரும் அடிமுடியே செம்பட்டையாகி, மெலிந்து, எளிதில் கையோடு வருமாயின் அது புரதக் குறைவைக் காட்டலாம். சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் 1933-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கோல்டுகோஸ்ட் நாட்டிலிருந்து விவரித்த குவாஷியோர்கர் என்னும் நோயில், சுருள்முடி உடைய குழந்தைகள் சுருளை இழப்பதும் காணப்படும். முன்பு சுருண்டிருந்த முடி காரணமின்றி நேராகி, குழந்தை சோர்ந்து, கால் வீங்கியிருப்பின் எண்ணெய் தேடிக் காலம் கடத்தாமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டும்.

ஆகவே குழந்தையின் தலையைப் பார்க்கும் ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: தலைத்தோல் தூய்மையாக உள்ளதா? முடி உறுதியாக வளர்கிறதா? குழந்தை போதிய உணவு பெறுகிறதா? இம்மூன்றும் நன்றாயிருப்பின், கோடைக்காற்றில் எழுந்து நிற்கும் சுருள்முடி ஒரு குறையன்று. அக்குழந்தை கண்டிக்கப்பட வேண்டியதும் இல்லை.