பெயரில் யாருக்கு எவ்வளவு உரிமை?

கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினால், முதல் வேலை அதற்குப் பெயர் சூட்டுவதுதான். அந்தப் பெயரோடு கல்வி நிறுவனத்தின் பெயரும் சேரும்போது சிக்கல் தொடங்குகிறது.

அடையாறை ஒட்டிய சென்னை ஐஐடி வளாகத்தில் 2014 ஏப்ரலில் தொடங்கப்பட்டது அம்பேத்கர் - பெரியார் வாசகர் வட்டம். இப்பெயர் மாணவரிடையே பிளவை உண்டாக்கும் என்று கூறி, அதை மாற்றுமாறு நிர்வாகம் கேட்டது. அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரில் ஒரு வட்டம் இயங்குவதை எடுத்துக்காட்டிய மாணவர்கள் மாற்ற மறுத்தனர். பின்னர், மத்திய அரசுக்குச் சென்ற பெயரில்லாப் புகார்க் கடிதம் ஒன்றைத் தொடர்ந்து, 2015 மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் விலக்கப்பட்டது. மாணவர் அமைப்புகள் அனுமதியின்றி ஐஐடியின் பெயரைப் பயன்படுத்தித் தங்கள் செயல்பாடுகளுக்கு விளம்பரம் தேடக் கூடாது என்ற வழிகாட்டு விதி மீறப்பட்டதாக நிர்வாகம் விளக்கமளித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின், ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

இவ்விவகாரத்தில் இரு வேறு பெயர்ச் சிக்கல்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. நிறுவனத்தின் பெயர் ஒன்று. அமைப்பு தானே தேர்ந்த பெயர் மற்றொன்று. வணிகச் சின்னச் சட்டம் (1999) இவற்றைப் பிரித்தறிய உதவும்.

ஒரு பெயரைக் கண்டு, பொருளோ சேவையோ யாரிடமிருந்து வருகிறது என்று மக்கள் ஏமாறக் கூடாது என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. பதிவு பெற்ற சின்னத்துக்கு 10 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு, புதுப்பித்துக்கொண்டே போகலாம். மொத்தமுள்ள 45 வகுப்புகளில் கல்விச் சேவை 41-ஆம் வகுப்பில் அடங்கும். பதிவு செய்யாத பெயருக்கும், அதற்கு நற்பெயர் உண்டென நிரூபித்தால், நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரலாம்.

ஆனால், பதிவுச் சின்னத்தை மீறியதாகச் சொல்ல, அது வணிக நடவடிக்கையில் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும். மாலையில் கூடி நூல்களை விவாதிக்கும் வட்டம் வணிகமாகாது. அதே வட்டம் நிறுவனத்தின் முத்திரை பொறித்த சட்டைகளை விற்றாலோ, கட்டணம் வாங்கிப் பயிற்சி வகுப்பு நடத்தினாலோ நிலைமை மாறிவிடும். படிப்பை முடித்து வெளியேறியவர்கள் பழைய பெயரிலேயே தொழில் தொடங்கும்போதும் இதே கவனம் தேவை.

எனவே, பெயர் சூட்டுமுன் மாணவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் அப்பெயர் முன்பே பதிவாகியுள்ளதா என இலவசமாகத் தேடலாம். பதிவகத்தின் சென்னை அலுவலகம் கிண்டியிலேயே உள்ளது. நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் பயன்படுத்த எழுத்துபூர்வ அனுமதி பெறுவது நல்லது. 'இந்நிறுவனத்தின் அதிகாரபூர்வ அமைப்பு' என்பதற்கும் 'இந்நிறுவன மாணவர்கள் நடத்தும் அமைப்பு' என்பதற்கும் உள்ள வேறுபாடு துண்டறிக்கையிலேயே தெரிய வேண்டும்.

நிர்வாகங்களுக்கும் கடமை உண்டு. தம் பெயரைக் காக்கும் விதி எல்லா அமைப்புகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மீறல் நேர்ந்தால், தண்டிக்கும் முன் விளக்கம் கேட்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் நிறுவனத்துக்கு உரியது. அம்பேத்கரும் பெரியாரும் விவேகானந்தரும் எவருடைய வணிகச் சின்னமும் அல்லர். அவர்களுள் யாரை வாசிப்பது என்பதை முடிவுசெய்யும் கருவியாகப் பெயர் விதி மாறிவிடக் கூடாது.