நின்றடைப்பதும் வந்தடைப்பதும்



மருத்துவ அறிக்கைகளில் ‘திராம்போசிஸ்’ என்றொரு சொல்லையும் ‘எம்பாலிசம்’ என்றொரு சொல்லையும் கண்டிருப்பீர்கள். பொருள் கேட்டால், ‘இரண்டும் இரத்தக் குழாய் அடைப்புத்தான்’ என்று பதில் வரும். அது தவறன்று, ஆனால் போதாது. அடைப்பு அவ்விடத்திலேயே விளைந்ததா, வேறெங்கோ விளைந்து வந்து சேர்ந்ததா என்று அறிந்த பிறகே சிகிச்சை முழுமை பெறும்.

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் சென்று பழகியவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மண்டி வாசலில் இறக்கப்பட்ட மூட்டைகள் அகற்றப்படாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, அந்த வழியையே மூடிவிடுவதாகக் கொள்ளுங்கள். இதுவே திராம்பஸ், உறைந்த இரத்தம் குழாயின் சுவரில் பற்றி, வளர்ந்து, நின்ற இடத்திலேயே அடைப்பது. இனி மழைநாளொன்றை எண்ணிப் பாருங்கள். கழித்துப் போட்ட கோசு இலைக் குவியலை வெள்ளம் இழுத்துச் செல்கிறது. அகன்ற வாய்க்காலில் தடையின்றிப் போன குவியல், குறுகலான மதகில் சிக்கிக்கொள்கிறது. நீர் தேங்குவது மதகருகே. குப்பை புறப்பட்டதோ மண்டி வாசலில்! இது எம்பாலஸ். மதகை மட்டும் சுத்தம் செய்தவர், அடுத்த மழைக்கும் அங்கே வந்து நிற்க வேண்டியதுதான்.

இவ்விரு சொற்களையும் மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ. நுரையீரலில் காணப்படும் கட்டி, கால் போன்ற தொலைவான இடத்துச் சிரைகளிலிருந்து பெயர்ந்து வரக்கூடும் என்பதை அவர் ஆய்ந்து நிறுவினார்.

கட்டி செல்லும் திசைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. காலின் ஆழ்சிரையில் உருவானது இதயத்தின் வலப்புறம் ஏறி, நுரையீரலில் சென்று அடைக்கும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சில வேளை இருமலில் இரத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். இதயத்தின் இடப்புறத்தில் உருவானதோ மூளைக்கோ, கைகால்களுக்கோ, குடலுக்கோ போகும். இளம்வயதில் மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கும், முதுமையில் இதயத்துடிப்பு தாறுமாறானவர்களுக்கும் இந்த ஆபத்து மிகுதி. மாரடைப்பு பெரும்பாலும் முதல் வகை. பக்கவாதம் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். வாய் கோணி, ஒரு கை துவண்டு, பேச்சுக் குழறினால் வீட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடமும் போக்காதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் நாலரை மணி நேரத்திற்குள் தரப்படவேண்டியது. 108ஐ அழையுங்கள்.

கால்சிரையில் இரத்தம் மேலேற வேண்டுமானால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிய வேண்டும். அதனால்தான் கல்லாவை விட்டு எழாத வணிகரும், பிரசவத்திற்குப் பின் கட்டிலைவிட்டு இறங்க அனுமதிக்கப்படாத தாயும் கவனிக்கத்தக்கவர்கள். பேறுகாலத்தை அடுத்த ஆறு வாரங்கள் கட்டி உருவாகும் வாய்ப்பு மிக்க காலம். நம் வீடுகளில் நாற்பது நாள் படுக்க வைப்பதும் அதே நாட்களில்தான். ஓய்வு வேண்டும், அசையாமை வேண்டாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டால் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஹஜ், உம்ரா செல்வோருக்கும் ஒரு சொல். நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில் அசையாது அமர்ந்திருப்பது இந்த ஆபத்தை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. பெரும்பாலோருக்கு அது சிறிய அளவே. ஆயினும் அவ்வப்போது எழுந்து நடப்பதும், பாதங்களை அசைப்பதும் நன்று. மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை உட்கொள்ளும் சகோதரிகள், முன்பு கட்டி கண்டவர்களாயின், அதனை மருத்துவரிடம் சொல்லாமல் வாங்கலாகாது.

சிகிச்சையில் நம்மவர்கள் தயங்கும் இடம் ஒன்றுண்டு. ஹெப்பாரின் ஊசியும் அதன் வகையான எனாக்ஸாபாரினும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகின்றன. இதை அறிந்து இரவோடிரவாக ஊசியை மறுப்பது உயிருக்கே கேடாகலாம். நிர்ப்பந்தத்திற்கு ஆளானோர்க்குத் திருமறையின் அல்பகரா அத்தியாயம் 173ஆம் வசனம் வழங்கும் சலுகை ஆலிம்கள் அறிந்ததே. முழுவதும் செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஃபாண்டாபாரினக்ஸ் என்ற ஊசியும் உண்டு. அது எல்லா நோயாளிக்கும் பொருந்தாது, குறிப்பாகச் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு. ஆகவே, ‘எனக்கு மாற்று மருந்து ஏற்குமா?’ என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

வீட்டில் தொடர்ந்து உண்ணும் வார்ஃபரின் மாத்திரையின் கதை வேறு. 1948இல் எலிமருந்தாகக் கடைக்கு வந்தது அது! 1954 முதல் மனிதர்க்கும் மருந்தாயிற்று. கீரைகளில் மிகுந்துள்ள வைட்டமின் கே, இதன் வேலையைக் குறைக்கும். எனினும் கீரையை அடியோடு விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால், இரத்தப் பரிசோதனையைக் கொண்டு மருத்துவர் மாத்திரையின் அளவை அதற்கேற்ப அமைத்துவிடுவார். மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு வாரம் முழுதும் முருங்கைக்கீரையும், மறுவாரம் கீரையே இல்லாமலும் சமைப்பதுதான் தொல்லை.