வார்டில் முதல் ஆண்டு

நர்சிங் படிப்புக்கும் நர்ஸ் வேலைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. பட்டம் பெற்று வருபவர் அதன் அகலத்தை வேலையில் சேர்ந்த முதல் சில மாதங்களில்தான் உணர்கிறார். தமிழ்நாட்டில் இந்தப் பயிற்சிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி 1946-ல் பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. அதே ஆண்டு டெல்லியிலும் பட்டப்படிப்பு வந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் புதிதாக வார்டுக்குள் நுழைபவரின் பயங்கள் பெரும்பாலும் பழைய பயங்களே.

முதல் சந்தேகம் சேரும்போதே வருகிறது: டிப்ளமாவா, பி.எஸ்ஸி.யா? டிப்ளமா மூன்று ஆண்டு, பி.எஸ்ஸி. நான்கு ஆண்டு. இரண்டில் எதை முடித்தாலும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவுசெய்து ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம். மேற்படிப்பு, கல்லூரி ஆசிரியர் பணி, சில வெளிநாட்டு வேலைகள் ஆகியவற்றுக்குப் பட்டம் வழியை எளிதாக்கும். டிப்ளமா முடித்தவர் பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்து அந்த இடத்துக்கு வரலாம். ஆகவே படிப்பின் பெயரைவிடக் கல்லூரியை விசாரிப்பது முக்கியம். மாநில கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, பட்டப்படிப்பென்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா, பயிற்சிக்கு அனுப்பப்படும் மருத்துவமனையில் போதிய நோயாளிகள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கட்டடத்தின் பளபளப்பை நம்பிச் சேர்ந்தால், ஒரே நோயாளியைச் சுற்றி இருபது மாணவிகள் நின்று வேடிக்கை பார்க்கும் பயிற்சிதான் கிடைக்கும்.

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு முதல் ஆண்டு கடுமையானது. உடற்கூறியலும் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் வந்து நிற்கும். பலர் இதைத் தங்கள் அறிவுக் குறையாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் இது சொற்களின் சுமை. இரண்டு பருவங்களில் பழகிவிடும். வார்டில் நிலைமை தலைகீழாகிறது. "நெஞ்சு பாரமா இருக்கு", "கண்ணைக் கட்டிக்கிட்டு வருது" என்று நோயாளி சொல்வதை உடனே பிடித்துக்கொள்பவர் பெரும்பாலும் அதே மாணவிதான்.

வேலையில் சேர்ந்ததும் வரும் திகைப்பை அமெரிக்காவைச் சேர்ந்த மார்லின் கிரேமர் 1974-ல் தனி நூலாகவே எழுதினார். கல்லூரியில் ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம் செலவிட்டு முறைப்படி செய்யக் கற்றவர், வார்டில் அதையே சில நிமிடங்களில் முடிக்க வேண்டியிருக்கிறது. கற்றது பொய்யோ, தான்தான் லாயக்கில்லையோ என்ற ஐயம் அப்போது எழுகிறது. பத்தாண்டு கழித்து, 1984-ல், பாட்ரீசியா பென்னர் நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாக விளக்கினார். அதன்படி, புதிதாகப் பட்டம் பெற்றவர் இரண்டாம் படியில் இருப்பவர். விதிகள் அவருக்குத் தெரியும். எந்த நேரத்தில் எதை முதலில் செய்வது என்பது அனுபவத்தில்தான் வரும். மூத்தவரின் வேகம் தனக்கு இல்லையே என்ற வருத்தத்துக்குப் பொருளில்லை.

ஆள் பற்றாக்குறையும் இதில் சேர்ந்துகொள்கிறது. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நைட் டூட்டியில் ஒரு வார்டையே ஒருவர் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனைகளில் இந்த அளவுகோல் சுவரில் தொங்கும் படத்துக்குச் சமம்.

புதியவர்களை அதிகம் உறங்கவிடாதது மருந்து. டிரிப்ஸ் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. ஒரு மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் கணக்கே தேவையில்லை. மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

இன்சுலின் இதைவிட ஆபத்தானது. இந்தியாவில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் 100 யூனிட் உள்ள இன்சுலினும் புழக்கத்தில் உள்ளன. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச்: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10-ஆம் கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது 25 யூனிட். சர்க்கரை சரிந்து மயக்கம் வர அது போதும். மாற்றிச் செய்தால் 10-க்குப் பதில் 4 யூனிட்தான் போகும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலையோ எந்தக் காரணத்துக்காகவும் கலக்காமல் நேரடியாக நரம்பில் ஏற்றக் கூடாது, இதயம் நின்றுவிடும்.

இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டால் தவறு நடக்காது என்று நினைப்பது பிழை. களைப்பிலும் அவசரத்திலும் எல்லாருக்கும் கை தவறும். தவறைத் தடுப்பது பெரும்பாலும் ஒரு கேள்விதான்: "சிஸ்டர், இந்த டோஸ் சரிதானா, ஒரு முறை பாருங்களேன்." அதற்கு, "இதுகூடத் தெரியாதா, காலேஜில் என்ன படிச்சே?" என்று பதில் வரும் வார்டில் புதியவர் அடுத்த முறை கேட்க மாட்டார், ஊகிப்பார். நோயாளிக்கு ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. புதிய நர்ஸின் தயக்கத்தைவிட மூத்தவரின் எரிச்சல் பெரிய பாதுகாப்புக் குறை என்றே சொல்ல வேண்டும். சேர்ந்தவுடன் ஒரு மூத்த நர்ஸோடு சில வாரங்கள் இணைத்துவிடும் மருத்துவமனைகள் இதைப் புரிந்துகொண்டவை. வேலை தேடுபவர் நேர்காணலிலேயே இந்த ஏற்பாடு உண்டா என்று தயங்காமல் கேட்கலாம்.

நள்ளிரவில் டாக்டரை எழுப்பலாமா என்பது இன்னொரு தயக்கம். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை இங்கு உதவும். நிலைமை, பின்னணி, தன் மதிப்பீடு, என்ன வேண்டும் என்ற வரிசையில் பேசுவதே அது. "சார், 12-ஆம் பெட்டில் பிபி 90/60-க்கு இறங்கிவிட்டது, பல்ஸ் 120. நேற்று ஆபரேஷன் ஆனவர். உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று தோன்றுகிறது. உடனே வந்து பாருங்கள்." அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பேசிய நேரத்தையும் வந்த பதிலையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலையாகவே பின்னால் கருதப்படும்.

ஊசி குத்திக்கொள்வது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது. திட்டு விழுமே என்று பலர் மறைப்பதும் உண்டு. மறைக்கக் கூடாத ஒன்று இது. குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். நோய் உள்ளவரிடமிருந்து ஒரே குத்தில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை. 0, 1, 6 மாதங்களில் போடும் மூன்று தவணைத் தடுப்பூசியை வார்டுக்குப் போகும் முன்பே தொடங்கிவிடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

நோயாளியின் உறவினர்கள் காட்டும் கோபம் முதலில் விழுவதும் நர்ஸ் மீதுதான். மருத்துவப் பணியாளரைத் தாக்குவதைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் உண்டு.

சம்பளம்தான் பலரை இந்தத் தொழிலை விட்டே விரட்டுகிறது. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த மத்திய அரசுக் குழு 2016-ல் ஒரு பரிந்துரை தந்தது. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் சம்பளத்துக்கு இணையாகத் தர வேண்டும் என்றது அது. சிறு ஊர்களின் நர்சிங் ஹோம்கள் பலவற்றில் இந்தத் தொகை இன்னும் கனவுதான். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுத வேண்டும். 2015 தேர்வில் வந்தவர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டு, நிரந்தரப் பணிக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு பாண்ட் எழுதச் சொல்லும் இடங்களில் கையெழுத்திடும் முன் பத்து முறை யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கனவு இதிலிருந்துதான் பிறக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு, அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ், இங்கிலாந்துக்குக் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும், ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழித் தேர்ச்சி என்று வாசல்கள் வேறு வேறு. பெரும்பாலான இடங்களில் பணி அனுபவமும் கேட்பார்கள். ஆகவே சொந்த ஊர் வார்டில் கழியும் முதல் ஆண்டு வீணாவதில்லை. லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டிடம் போகும் முன், அவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கிவருகிறது. செவிலியர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புவது அதன் வேலைகளில் ஒன்று.