மருத்துவர் கையில் பணப்பை

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. நம் காலத்தில் ஐந்தாவதாக ஒருவர் வந்து அமர்ந்துள்ளார். பணம் கொடுப்பவரே அவர்.

நம் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் காப்பீட்டு வரம்புக்குள் வேலை செய்யும் தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். 2019 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள விகிதப்படி, அவர் ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி தரப்பில் மூன்றேகால் ரூபாயும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கணக்கிற்குச் செல்கின்றன. நோய் கண்டு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் செல்லும்போது, எந்தச் சேவையை எவரிடம் எவ்விலைக்குப் பெறுவது என்பதை அவர் முடிவு செய்வதில்லை. அவர் பொருட்டு வேறொருவர் முடிவு செய்கிறார். அந்த வேறொருவர் யாராக இருத்தல் வேண்டும்?

‘நோயை அறிந்தவர் மருத்துவர்; பணப்பையும் அவரிடமே இருக்கட்டும்’ என்று துணிந்து விடை கூறிய நாடு இங்கிலாந்து. அங்கு 1948 முதல் தேசிய நலவாழ்வுப் பணி நடந்து வருகிறது. 2012 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2013 ஏப்ரல் முதல் நாள் 211 மருத்துவர் குழுக்கள் பொறுப்பேற்றன. அந்தந்த வட்டாரக் குடும்ப மருத்துவர்களின் மருத்துவமனைகள் அனைத்தும் இக்குழுக்களில் உறுப்பினராயின. தம் பகுதி மக்களுக்கு எத்தகைய அறுவை மருத்துவம், எத்தகைய மகப்பேற்றுப் பணி, எத்தகைய மனநலப் பணி வேண்டும் எனக் கணித்து, அவற்றை விலைபேசி ஏற்பாடு செய்வது அவற்றின் கடமை. நலவாழ்வு நிதியின் பெரும்பகுதி அவற்றின் வழியே சென்றது.

நோக்கம் நன்று. எழுதுமேசை அலுவலரைக் காட்டிலும் நாள்தோறும் நோயாளியின் நாடி பார்ப்பவர் ஊரின் தேவையை நன்கு அறிவார். ஆயின் சிக்கலும் அங்கேயே பிறந்தது. இங்கிலாந்துக் குடும்ப மருத்துவர்களுட் பெரும்பாலோர் அரசின் மாத ஊதியப் பணியாளராக இருக்கவில்லை. அக்காலத்தில் ஒப்பந்தத்தின் பேரில் தம் மருத்துவமனையைத் தாமே நடத்தியவர்கள். அவருட் சிலர் வேறு மருத்துவ நிறுவனங்களிலும் பங்கு வைத்திருந்தனர்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். தோல்நோய்ப் பிரிவைப் பெரிய மருத்துவமனையிலிருந்து எடுத்து, ஊருக்குள்ளேயே ஒரு சிறிய நிலையத்தில் நடத்தலாம் என்று குழுவில் ஒரு மருத்துவர் முன்மொழிகிறார். நோயாளிக்கு அலைச்சல் குறையும், செலவும் குறையலாம். ஆனால் அந்நிலையத்தை நடத்தவிருக்கும் நிறுவனத்தில் அவருக்குப் பங்குண்டு. அவர் கூறுவது நோயாளியின் நன்மை கருதியா, தம் ஆதாயம் கருதியா? இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும். அதுவே இதன் கடினம். தீயவர் ஒருவரைக் கண்டுபிடித்து விலக்கினால் தீரும் நோயன்று இது. நல்லவரிடத்தும் இருக்கும் இக்குறையை ‘நலன் முரண்’ என்பர்.

இதற்குச் சட்டம் சில வேலிகளை இட்டது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்குள்ள பங்கு, உறவு, வேறு வருவாய் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். அதனைப் பொதுமக்கள் பார்க்கலாம். நிர்வாகக் குழுவில் மருத்துவர் மட்டும் இருத்தல் கூடாது. கணக்குத் தணிக்கை அறிந்த ஒருவரும், வட்டார மக்களை அறிந்த ஒருவருமாகக் குறைந்தது இரு பொது உறுப்பினர், செவிலியர் ஒருவர், மருத்துவமனைச் சிறப்பு மருத்துவர் ஒருவர் என அமைத்தனர். முரண் எழும் பொருள் வரும்போது தொடர்புடையவர் அதனை வெளிப்படையாகக் கூறி, தேவையெனில் அறையை விட்டு வெளியேற வேண்டும்.

எல்லா மருத்துவருக்குமே தொடர்புள்ள பொருளாக இருந்தால் என் செய்வது? 2015 முதல் குடும்ப மருத்துவப் பணியையே இக்குழுக்கள் விலைபேசத் தொடங்கியபோது இவ்வினா கூர்மையாயிற்று. மருத்துவர் தமக்குத் தாமே கூலி நிர்ணயிப்பது போன்ற நிலை அது. ஆகவே அப்பொருளுக்கெனத் தனிக்குழு அமைத்து, அதில் மருத்துவரல்லாதாரைப் பெரும்பான்மையாக்கித் தலைமையையும் பொது உறுப்பினருக்கே அளித்தனர். 2016 இல் வந்த வழிகாட்டுதல் பொது உறுப்பினர் எண்ணிக்கையைக் குறைந்தது மூன்றாக உயர்த்துமாறு கூறியது.

விதிகள் சிறந்தனவே. எனினும் பொது உறுப்பினர் வாய் திறவாதிருந்தால் அவை ஏட்டுச் சுரைக்காய். மருத்துவத்தைப் பற்றி நமக்கென்ன தெரியும் என்ற தயக்கம் எந்நாட்டவர்க்கும் உண்டு. நம்மூரிலோ ‘டாக்டர் ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று தலையசைப்பதே மரியாதை எனக் கருதுகிறோம். மருந்தின் தன்மையை மருத்துவரிடம் விடலாம். மருந்தின் விலையைக் கேட்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.

இங்கிலாந்தின் இம்மருத்துவர் குழுக்கள் இணைந்து இணைந்து எண்ணிக்கையிற் குறைந்து, 2022 ஜூலை முதல் நாள் கலைக்கப்பட்டன. சேவையை வாங்குவோரும் வழங்குவோரும் பிரிந்து நிற்பதினும் கூடித் திட்டமிடுவதே நன்று என்ற கொள்கை மாற்றத்தால், அவற்றின் பணி 42 ஒருங்கிணைந்த வாரியங்களுக்குச் சென்றது. முரண் பற்றிய விதிகள் அங்கும் தொடர்கின்றன.

அண்டையிலுள்ள தமிழகம் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டது. 1994 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தேவையை அறிவதையும் விலைபேசுவதையும் இரண்டாகப் பிரித்தது. இன்றியமையா மருந்துகளின் பட்டியலை மருத்துவ வல்லுநர் வகுப்பர். ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குவது கழகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு தொகைக்கு மருந்து என்று ஒரு கணக்குப் புத்தகம் தரப்படும். மருத்துவர் தம் நோயாளிக்கு வேண்டியதை அதற்குள் எடுத்துக்கொள்ளலாம். எவரிடம் வாங்குவது என்பதில் அவருக்குப் பங்கில்லை. எளிய ஏற்பாடு, பிற மாநிலங்களும் இதனைப் பின்பற்றின.

மருத்துவர் கையிலேயே சிறு நிதி இருக்கும் இடமும் உண்டு. 2005 இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின்கீழ் மருத்துவமனைதோறும் நோயாளர் நலச் சங்கங்கள் அமைந்தன. தொடக்க ஆண்டுகளில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சங்கத்திற்கு ஆண்டுக்கு ஒரு இலட்ச ரூபாய் வழங்கப்பட்டது. உடைந்த கட்டில், ஒழுகும் குழாய், இரவு விளக்கு ஆகியவற்றுக்குத் தலைநகரின் ஆணைக்குக் காத்திராமல் செலவிட அது உதவிற்று. இத்தகைய சங்கங்களில் ஊர்ப் பெரியோருக்கும் இடமுண்டு. அவ்விடத்தை மேடைநாற்காலி எனக் கருதுவோரே மிகுதி என்பது என் எண்ணம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கும் இங்கே பணியுண்டு. கூட்ட நடவடிக்கைக் குறிப்பைப் பெரும்பாலும் எவரும் பொருட்படுத்துவதில்லை. ‘பொருள் விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியில் எத்தனையோ மறைந்துவிடுகின்றன. நோயாளியும் படித்துணரும் தமிழில் அதனை இவ்வாறு எழுதலாம்: ‘மூன்றாம் பொருள், கட்டில் வாங்குதல். விலைப்பட்டியல் தந்த கடைகளுள் ஒன்று தம் மைத்துனருடையது என உறுப்பினர் ஒருவர் அறிவித்து, 11.20 மணிக்கு வெளியே சென்றார். மூன்று விலைப்பட்டியல்கள் ஒப்பிடப்பட்டன. குறைந்த விலையுடையது ஏற்கப்பட்டது. அவர் 11.45 மணிக்குத் திரும்பினார்.’