வெள்ளாட்டின் தீவனமும் இறைச்சியின் தரமும்

வேளச்சேரி இன்று சென்னை மாநகரின் ஒரு பகுதியாகிவிட்டது. இத்தகைய நகர்ப்புறச் சந்தைகளுக்கு ஆடு வளர்த்து அனுப்பும் செங்கற்பட்டு மாவட்ட விவசாயிகள், ஆட்டின் எடையும் இறைச்சியின் தரமும் தீவனத்தைப் பெரிதும் பொறுத்தவை என்பதை உணர்தல் வேண்டும்.

கோடையில் மேய்ச்சல் புல் காய்ந்து, அதிலுள்ள புரதம் குறைகிறது. அதை மட்டும் தின்னும் குட்டி வளர்ச்சி குன்றி, விற்பனை எடையை அடைய நெடுநாள் ஆகிறது. வயது ஏறுந்தோறும் இறைச்சி முற்றிக் கடினமாகிறது. இதனால் வளர்ப்பவருக்கும் நட்டம், வாங்குபவருக்கும் மனக்குறை.

இதற்குப் பரிகாரம் எளிது. மேய்ச்சலுடன் அகத்தி, வேலிமசால், சவுண்டல் ஆகிய புரதம் மிக்க தழைகளையும், கடலைப் பிண்ணாக்கு, தவிடு, தாது உப்பு கலந்த அடர்தீவனம் சிறிதளவும் அளித்து வரலாம். சவுண்டலில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. ஆதலால் அது மொத்தத் தீவனத்தில் 3-இல் 1 பங்கை மிஞ்சலாகாது.

தானியத்தை அளவின்றி ஊட்டுவதும் தவறு. வயிற்றில் அமிலம் மிகுந்து ஆடு நோயுறும். மேலும், வெள்ளாட்டின் கொழுப்பு தசையினும் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றியே மிகுதியாகச் சேர்வதால், அச்செலவு இறைச்சியாகத் திரும்புவதில்லை.

காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் ஆலோசனை பெறலாம். ஊராட்சி மன்றங்கள் பொது நிலங்களில் வாகை முதலிய தழை மரங்களை வளர்ப்பின், நிலமற்றவரின் குட்டிகளும் கோடையில் வாடாமல் வளரும்.