படுத்த டேங்கும் பேனல் மீட்டரும்

தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் ஜெனரேட்டருக்காக டீசல் சேமிக்கும் படுக்கை வாட்டு உருளை டேங்குகளின் இருப்பை, பேனலில் ஒளிரும் டிஜிட்டல் மீட்டரின் எண்ணைக் கண்டே நிர்ணயித்து, அதனை வேதவாக்காக நம்பி நடப்பவர்கள் அநேகர். உருளையின் நடுப்பாகம் அகன்றும் அடியும் உச்சியும் குறுகியும் இருப்பதால், டீசலின் மட்டம் சீராக ஏறினாலும் அதன் கொள்ளளவு சீராக ஏறுவதில்லை. சென்சாரோ உயரத்தை மட்டுமே அறிந்து, காலி டேங்கிற்கு 4 மில்லியாம்பியரும் நிறைந்த டேங்கிற்கு 20 மில்லியாம்பியருமாகச் சமிக்ஞை அனுப்புகிறது. மீட்டரில் அவ்விரு எல்லைகள் மட்டுமே பதிவாகியிருப்பின், இடைப்பட்ட யாவற்றையும் அது நேர்க்கோடாகவே கணக்கிட்டுவிடும்.

இதன் விபரீதத்தை 10,000 லிட்டர் டேங்க் ஒன்றில் பிரத்தியட்சமாகக் காணலாம். உயரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே டீசல் நிற்கையில் மீட்டர் 1,000 லிட்டர் என்று காட்டும். உண்மையில் இருப்பது ஏறக்குறைய 520 லிட்டர்தான். மீட்டரின் எண்ணை நம்பியிருக்கும் மருத்துவமனையில், மின்தடை நீடிக்குமானால், எதிர்பார்த்த நேரத்தில் ஏறக்குறைய பாதி கழிந்ததுமே ஜெனரேட்டர் நின்றுபோகும். பத்தில் ஒன்பது பங்கு நிறைந்திருக்கும்போதோ, இன்னும் 1,000 லிட்டர் கொள்ளும் என்று மீட்டர் சொல்ல, 520 லிட்டருக்கே இடமிருக்கும். டேங்கர் லாரியிலிருந்து ஆயிரத்தையும் இறக்கினால் எஞ்சியது தரையில் வழிந்து தீவிபத்துக்கு ஹேதுவாகும். காலி, பாதி, முழுமை ஆகிய மூன்றிடங்களிலும் மீட்டர் சரியாகவே காட்டுமாதலால், அம்மூன்றை மட்டும் பரிசோதித்துச் சான்று தருபவரின் கண்ணுக்கு இப்பிழை அகப்படாது என்பதே எல்லாவற்றினும் அபாயகரமானது.

பரிகாரம் மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. இவ்வகை மீட்டர்கள் பலவற்றில் லீனியரைசேஷன் அட்டவணை என்னும் வசதி உண்டு. எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் டேங்கின் டிப் சார்ட்டைப் பார்த்து, இன்ன சமிக்ஞைக்கு இத்தனை லிட்டர் என்று புள்ளி புள்ளியாக அதில் பதிய வேண்டும். புள்ளிகளுக்கிடையே மீட்டர் நேர்க்கோடு போடுவதால், வளைவு மிகுந்த அடியிலும் உச்சியிலும் அவற்றை நெருக்கமாக வைப்பது அவசியம். பின்னர் 5.6 மில்லியாம்பியர் செலுத்தினால் 520, 18.4 செலுத்தினால் 9,480 வருகிறதா என்று சோதித்து, கடவுச்சொல்லால் பூட்டி, அட்டவணையின் பிரதியைப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கலாம்.

பணியிட அபாயங்களைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளிக்கு உண்டு; 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தொழிற்சாலைகள் சட்டத்தில் புகுந்த அவ்வுரிமை, 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே அட்டவணையைக் காட்டுமாறு கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அளவையைக் கொண்டு பணம் வசூலிக்கப்படுமானால், 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அக்கருவி சரிபார்த்து முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். சந்தேகமிருப்பின், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் முறையிடலாம்.

பழுதான மீட்டரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் நாளில் பழைய அட்டவணையும் அதனோடு போய்விடுகிறது. அதனைப் புதிய மீட்டரில் மறுபடி ஏற்றிச் சோதிக்கும்வரை, டிப் ஸ்கேல் இறக்கி அளந்து பாராமல் டேங்கர் லாரியின் வால்வைத் திறக்க விடாதீர்கள்.