உங்களுக்குத் தெரியுமா? பேஸ் கிட்டாரும் விரல் பலமும்

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்கு வருகின்றன. வலது கையால் இடது முன்கையைப் பிடித்துக்கொண்டு, இடது கை விரல்களால் மேசையில் தாளம் போட்டுப் பாருங்கள். தோலுக்கடியில் நெளிவது தெரியும். பேஸ் கிட்டாரை முழங்கால்வரை தொங்கவிட்டு வாசித்தால் மணிக்கட்டு மடிந்துபோகும், அந்த நாண்கள் வளைந்த வழியில் உரசி ஓட வேண்டியிருக்கும். வாரைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டி மணிக்கட்டை நேராக்கினாலே கை லேசாகிவிடும்.

உள்ளங்கையை மேசைமேல் விரித்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது மோதிர விரலைத் தூக்க முடிகிறதா? பெரும்பாலோருக்கு முடியாது. புறங்கையில் அந்த விரல்களின் நாண்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. மோதிர விரல் பின்தங்குவதற்குச் சோம்பலோ பயிற்சிக் குறைவோ மட்டும் காரணமல்ல.

அப்படியானால் அந்த விரலை என்ன செய்வது? 19-ஆம் நூற்றாண்டிலேயே வியன்னாவின் டபுள் பேஸ் ஆசிரியர் ஃபிரான்ஸ் சிமாண்டில் இதற்கு வழி சொல்லிவிட்டார். ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒன்றாக. பேஸ் கிட்டாரில் கீழ்க்கட்டங்களில் இன்றும் பலர் இப்படித்தான் வாசிக்கிறார்கள். காரணம் அளவிலேயே இருக்கிறது. 34 அங்குலத் தந்தி நீளமுள்ள பேஸில் முதல் கட்டத்தின் அகலம் 48 மி.மீ., 12-ஆவது கட்டத்தில் அது 26 மி.மீ.க்கும் குறைவு. மேலே 'கட்டத்துக்கு ஒரு விரல்' சுலபம். கீழே அதையே பிடிவாதமாகச் செய்தால் கைதான் நோகும்.

பேஸின் நான்கு தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமம். இதைக் கேட்டதும் 'பலமாக அழுத்த வேண்டும்போல' என்றுதான் தோன்றும். நானும் ஆரம்பத்தில் மாதக்கணக்காக ஸ்பிரிங் வைத்த கைப்பிடியை அமுக்கிக்கொண்டிருந்தேன். பிடி இறுகியது, வாசிப்பு நகரவில்லை. என் கையை மாற்றியது வேறொரு சின்னச் சோதனை. ஜி தந்தியில் 5-ஆவது கட்டத்தில் விரலைச் சும்மா வையுங்கள், அழுத்தாதீர்கள். மீட்டினால் 'டொக்' என்று செத்த ஓசைதான் வரும். மீட்டிக்கொண்டே அழுத்தத்தை இம்மியளவாகக் கூட்டுங்கள். முதலில் 'ஸ்ர்ர்' என்ற இரைச்சல், பிறகு சட்டென்று சுத்தமான சுரம். அங்கேயே நிறுத்துங்கள். தேவையான பலம் அவ்வளவுதான்! இப்போது விரலைக் கட்டத்தின் நடுவிலிருந்து ஃபிரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் நகர்த்திச் செய்து பாருங்கள், அதைவிடக் குறைவாகவே போதும். அடுத்து, கழுத்தின் பின்னாலிருக்கும் கட்டைவிரலை எடுத்துவிட்டு வாசியுங்கள். கையின் கனமே தந்தியைத் தாழ்த்துவதை உணர்வீர்கள். தினம் ஐந்து நிமிடம் இதைச் செய்தால் கைப்பிடியும் வேண்டாம், ஸ்பிரிங்கும் வேண்டாம்.

1951-இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பேஸுக்கு 'பிரிசிஷன்' என்று பெயர் வரக் காரணம் ஃபிரெட்கள்தான். டபுள் பேஸில் காதை நம்பி இடம் தேட வேண்டியிருந்தது, இதில் சுரம் துல்லியமாக விழுந்தது. 25 ஆண்டுக்குள் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃபிரெட் இல்லாத பேஸில் உலகைக் கட்டிப்போட்டார் என்பது வேறு கதை.

மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்களைத் தாங்கிய ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் மீட்டியது ஒரே விரலால், ஆள்காட்டி விரலால். அந்த விரலுக்கு 'கொக்கி' என்றே பட்டப்பெயர். லேரி கிரஹாம், டிரம்ஸ் இல்லாத தன் அம்மாவின் குழுவில், கட்டைவிரலால் தந்தியைத் தட்டியும் விரலால் சுண்டியும் அந்த வெற்றிடத்தை நிரப்பினார். இன்று உலகம் முழுக்கக் கேட்கும் 'ஸ்லாப்' பாணிக்கு வேர் அது.

20 ஃபிரெட் உள்ள பேஸில் 'சி' சுரம் எத்தனை இடத்தில் இருக்கிறது? ஏழு. ஈ தந்தியில் 8, 20, ஏ-யில் 3, 15, டி-யில் 10, ஜி-யில் 5, 17. இதில் நான்கு இடங்கள் அச்சாக ஒரே உயரம்: ஈ 20, ஏ 15, டி 10, ஜி 5. இருந்தும் குரல் வேறு வேறு. தடித்த ஈ தந்தியில் அது கனத்து உருளும், ஜி-யில் பளிச்சென்று திறக்கும். எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு நாளைக்கு ஒரு சுரம் என்று எடுத்து, பெயரைச் சொல்லிக்கொண்டே எல்லா இடத்திலும் தேடிப் பிடியுங்கள். அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே எப்போதும் ஐந்து கட்ட இடைவெளிதான் என்பதால், ஓரிடத்தில் பழகிய விரல் வடிவம் எங்கே நகர்த்தினாலும் மாறாது. கிட்டாரில் ஜி-க்கும் பி-க்கும் இடையே அந்த ஒழுங்கு உடைந்துவிடும், பேஸில் உடையாது.

குளித்து வந்த உடனே பேஸை எடுக்காதீர்கள். ஊறிய விரல் நுனியில் மாதக்கணக்கில் சேர்ந்த காய்ப்பு எளிதில் உரிந்துவிடும்.